மடக்கையை விரித்தெழுதத் தெரியாமல் நான் இழந்த ஒன்றரை ஆண்டு

2018 பிப்ரவரியில் பொறியியல் முதல் பருவத் தேர்வு முடிவு வந்தபோது, மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்த எனக்குக் கணிதத்தில் மட்டும் அரியர் விழுந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 200-க்கு 187 எடுத்தவன் நான். எனக்குப் பிடித்த பாடமும் அதுதான். அதனால் அந்த முடிவை என்னால் நம்பவே முடியவில்லை. விடுதியில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்த ஒரு பாடத்தில் தேற எனக்கு மேலும் ஓராண்டும், இரண்டு தேர்வுகளும், ஏறத்தாழ 7,000 ரூபாயும் செலவாயின. பின்னர் தேடிப் பார்த்தபோது இத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு குறைதான்: மடக்கைக் கோவைகளை விரித்தெழுதும்போது நான்கைந்து தவறுகளை மாறாமல் செய்துகொண்டே இருந்திருக்கிறேன், அவை தவறு என்று எனக்குத் தெரியவே இல்லை. முதல் மாதத்திலேயே யாராவது சுட்டிக்காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை. அதே இடத்தில் இப்போது நிற்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் மடக்கை விதிகளை முதன்முதலாகக் கற்றோம். 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் கிடைக்குமோ, அந்த அடுக்குதான் 10-ஐ அடிமானமாகக் கொண்ட அதன் மடக்கை; 100-இன் மடக்கை 2. வாசிக்க எளிதாக இருப்பதற்காக இந்தக் கட்டுரையில் மாறிகளை க, ச, த என்றும், மடக்கைக் குறியை லாக் என்றும் எழுதுகிறேன். பெருக்கல் விதிப்படி லாக்(க × ச) = லாக் க + லாக் ச; வகுத்தல் விதிப்படி லாக்(க ÷ ச) = லாக் க − லாக் ச; அடுக்கு விதிப்படி லாக் கⁿ என்பது, அடுக்கான எண்ணை முன்னால் கொண்டுவந்து லாக் க-வோடு பெருக்கியதற்குச் சமம். இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பள்ளித் தேர்வுகளில் வந்த கணக்குகள் பெரும்பாலும் புத்தகத்தில் இருந்த கணக்குகளே என்பதால், விதி எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று முடிவெடுக்க வேண்டிய தேவையே எனக்கு ஒருநாளும் வரவில்லை. லாக்(டேன் க + டேன் ச + டேன் த) என்ற சார்பை வைத்துப் பகுதி வகையிடல் (மற்ற மாறிகளை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் பொறுத்து வகையிடுவது) கணக்கு ஒன்று பன்னிரண்டாம் வகுப்பில் உண்டு. விடை 2 என்று நிறுவ வேண்டும். அதை வரிக்கு வரி மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் கணக்கில் மூன்று உறுப்புகளின் கூடுதலை ஏன் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார்கள் என்று ஒரு முறையாவது கேட்டிருந்தால், என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தோல்விக்குக் காரணம் மொழிதான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவு எனக்குப் பெருங்கேடாக அமைந்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு உண்மையான காரணத்தை நான் தேடவே இல்லை. அரியர் தேர்வுக்காக நகரத்தில் இருந்த ஒரு தனிப்பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். கட்டணம் 4,500 ரூபாய். தொலைபேசியில் தொகையைச் சொன்னபோது, "அதுக்கென்னப்பா, நீ சேந்துடு, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் அம்மா சொன்னார். தோட்டை அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தை அனுப்பினார் என்பது விடுமுறைக்கு ஊருக்குப் போய் அவருடைய காதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மையத்தில் நாற்பது பேரை உட்கார வைத்துப் பழைய வினாத்தாள்களைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டே போனார்கள். பார்த்து எழுதினேன், எல்லாம் புரிந்தது போலவே இருந்தது. நானே ஒரு கணக்கைப் போட்டு, அதை ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தியது அந்த இரண்டு மாதத்தில் ஒரு முறைகூட நடக்கவில்லை. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் நோட்டை யாராவது பார்ப்பார்களா? பார்க்க மாட்டார்கள் என்றால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

2018 ஏப்ரல்-மே தேர்வில் மறுபடியும் தோற்றேன். இந்த முறை பழியைப் போட ஆங்கிலமும் இல்லை, ஏனென்றால் வினாக்கள் எல்லாம் எனக்குப் புரிந்தன. எல்லாவற்றுக்கும் விடை எழுதியிருந்தேன். அந்த இரண்டு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. கணிதம் எனக்கு வரும் என்று நினைத்ததே பொய்யோ என்ற பயம் வந்துவிட்டது. கடைசியில் மறுமதிப்பீட்டில் நான்கு மதிப்பெண் கிடைக்கலாம் என்ற நப்பாசையில் விடைத்தாள் நகலுக்கு 300 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். மறுமதிப்பீட்டால் எதுவும் மாறவில்லை. ஆனால் 4,500 ரூபாய் செய்யாததை அந்த 300 ரூபாய் செய்தது. முதல் முறை தோற்றபோதே நகல் வாங்காமல் போனதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். தோற்ற பாடம் எதுவானாலும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், முதல் வேலையாக விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள்.

நகலில் என் கையெழுத்தில் இருந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். வினா, லாக்(க³ + ச³ + த³ − 3கசத) என்ற சார்பைப் பற்றியது. அதை நான் இப்படி விரித்திருந்தேன்: 3 லாக் க + 3 லாக் ச + 3 லாக் த − லாக் 3கசத. அதன்பின் ஒன்றரைப் பக்கத்துக்கு வகையிடல் செய்து, விடை வராமல், கடைசி வரியில் நிறுவ வேண்டியதை அப்படியே எழுதி முடித்திருந்தேன். எட்டு மதிப்பெண் வினாவுக்குச் சுழியம். திருத்தியவர் வேறு எதுவும் எழுதவில்லை, வட்டம் மட்டும்தான். அந்த வட்டத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தவறு தெரியவில்லை. கூட்டல் குறி இருந்தது, கூட்டலாகவே பிரித்திருக்கிறேன், இதில் என்ன பிழை என்றுதான் அப்போதும் தோன்றியது.

பிறகு கால்குலேட்டரை எடுத்துச் சின்ன எண்களை இட்டுப் பார்த்தேன். லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, இரண்டையும் கூட்டினால் 0.7781. லாக்(2 + 3), அதாவது லாக் 5, 0.6990 என்று வந்தது. 0.7781 எந்த எண்ணின் மடக்கை என்று பார்த்தால் 6. இரண்டின் மடக்கையையும் மூன்றின் மடக்கையையும் கூட்டும்போது கிடைப்பது அவற்றின் பெருக்கற்பலனுடைய மடக்கை. கூடுதலுடைய மடக்கை அன்று. இது நான் ஒன்பதாம் வகுப்பிலேயே எழுதிய விதிதான். அந்த விதி கூட்டலுக்குச் செல்லாது என்பதையும் அதே வரி சொல்கிறது என்பது மட்டும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை. 2(க + ச) = 2க + 2ச என்று இயற்கணிதத்தில் விரித்து விரித்துப் பழகிய கை, லாக் என்பதையும் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் ஓர் எண்ணாகவே எடுத்துக்கொண்டு உள்ளே பகிர்ந்திருக்கிறது. "லாக்கை உள்ளே கொண்டுபோ" என்று வகுப்பில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தவறு இன்னும் இறுகிவிட்டது. இரண்டு வழிகளிலும் விரி என்ற ஒரே சொல்தான் வருகிறது, ஆனால் செய்கிற வேலை முற்றிலும் வேறு. லாக் ஒரு சார்பு. உள்ளே இருப்பது மொத்தமாக ஒரே ஓர் எண். அந்த எண்ணை எப்படி உருவாக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதைப் பிரிக்க முடியுமா என்பது தெரியும்.

இன்னும் என்னை உறுத்தியது, பள்ளியில் இதையே நான் சரியாகச் செய்திருக்கிறேன் என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் கிளார்க் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்கிடும்போது, பெருக்க வேண்டிய எண்களின் மடக்கைகளைக் கூட்டினோம், வகுக்க வேண்டியதைக் கழித்தோம். சூத்திரத்தில் எங்காவது இரண்டு எண்களைக் கூட்ட வேண்டியிருந்தால், முதலில் அவற்றைச் சாதாரணமாகக் கூட்டிவிட்டு, அந்த விடைக்கு மட்டுமே அட்டவணையைப் பார்த்தோம். கை அறிந்திருந்ததை, எண்கள் போய் எழுத்துகள் வந்தவுடன் மறந்துவிட்டேன். அந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் மடக்கையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டதும், 1617-இல் ஹென்றி பிரிக்ஸ் 1 முதல் 1000 வரையுள்ள எண்களுக்கு 10-ஐ அடிமானமாகக் கொண்டு 14 தசம இடங்கள் வரை மடக்கை கணித்துத் தந்ததும், வானியலாளர்களும் கடலோடிகளும் நீண்ட பெருக்கல்களில் சிக்கித் தவித்ததால்தான். பெருக்கலைக் கூட்டலாக இறக்குவதற்கென்றே பிறந்த கருவி இது. கூட்டலை அதைவிட எளிய ஒன்றாக இறக்குவதற்கு இதில் வழியே இல்லை. 10² × 10³ என்றால் அடுக்குகளைக் கூட்டி 10⁵ என்று முடித்துவிடலாம். 10² + 10³ என்பதோ 1100. அதன் மடக்கை 3.0414, அதற்கு 2-உம் 3-உம் நேரடியாக எந்த வழியும் காட்டுவதில்லை. விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த விதி இருக்க முடியும், எது இருக்க முடியாது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அந்த வட்டத்துக்குப் பிறகு விடைத்தாள் முழுவதையும் ஒரு வாரம் உட்கார்ந்து அலசினேன். அடுத்து அகப்பட்டது குறிப் பிழை. மடக்கை வகையிடல் கணக்கு ஒன்றில், பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, இரண்டு காரணிகள் இருந்தன. முதல் காரணிக்குக் கழித்தல் குறி போட்டுவிட்டு, இரண்டாவது காரணி பெருக்கலில்தானே இருக்கிறது என்று கூட்டல் குறி போட்டிருந்தேன். எளிய வடிவில் சொன்னால், க³ ÷ (ச²√த) என்பதன் மடக்கையை 3 லாக் க − 2 லாக் ச + ½ லாக் த என்று எழுதியிருந்தேன். பகுதி முழுவதையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து, 3 லாக் க − (2 லாக் ச + ½ லாக் த) என்று ஒரு படி கூடுதலாக எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. நேரம் மிச்சம் என்று நான் தாவிய படி அது. இதைச் சரிபார்க்க மிக எளிய வழி ஒன்று உண்டு: க-வுக்கும் ச-வுக்கும் 10, த-வுக்கு 100 என்று இட்டுப் பாருங்கள். கோவையின் மதிப்பு 1000 ÷ (100 × 10) = 1, அதன் மடக்கை 0. சரியான விரிவில் 3 − 2 − 1 = 0. என் விரிவிலோ 3 − 2 + 1 = 2. கால்குலேட்டரே தேவையில்லாத பத்து விநாடி வேலை இது. இதைச் செய்யாததால் எட்டு மதிப்பெண்ணில் ஆறு போயிற்று.

ஆனால் எண்ணை இட்டுப் பார்ப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. நான் அதிலும் விழுந்திருக்கிறேன். (லாக் க)² என்பதும் லாக் க² என்பதும் ஒன்றுதான் என்று முதல் பருவம் முழுவதும் நம்பினேன். காரணம், ஒரு நாள் க-வுக்கு 100 இட்டுச் சோதித்திருந்தேன். லாக் 100 = 2. அதை வர்க்கமாக்கினால் 4. அடுக்கு விதிப்படி லாக் 100² = 2 × 2, அதுவும் 4. இரண்டும் ஒத்துப்போனதால் சரி என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டின் வர்க்கமும் இரண்டின் இருமடங்கும் தற்செயலாக ஒன்றாக இருப்பதால் வந்த வினை அது. 1000 இட்டிருந்தால் ஒரு பக்கம் 9, மறு பக்கம் 6 என்று உடனே தெரிந்திருக்கும். அடுக்கு விதியில் முன்னால் வருவது லாக்குக்குள் இருக்கும் எண்ணின் அடுக்கு மட்டுமே. லாக் முழுவதற்கும் மேலே நிற்கும் அடுக்கை அசைக்கக் கூடாது. எனவே எந்த விரிவையும் ஒரே ஓர் எண்ணால் சோதிக்காதீர்கள். குறைந்தது இரண்டு தொகுதி எண்களை இட்டுப் பாருங்கள், அவற்றில் 1-உம் 100-உம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மடக்கை 0 என்பதால் அதுவும் பல தவறுகளை மறைத்துவிடும். லாக் 8 ÷ லாக் 2 என்பதை லாக் 8 − லாக் 2 என்று எழுதுவதும் இதே வகைப் பிழைதான். முதலாவதன் மதிப்பு 3, இரண்டாவது லாக் 4, அதாவது 0.6021. வகுத்தல் லாக்குக்குள்ளே நடந்தால்தான் கழித்தல் வரும். இரண்டு மடக்கைகளை ஒன்றால் ஒன்று வகுத்தால் அது அடிமானத்தை மாற்றுவதற்கான விதி.

இத்தனை தவறுகளையும் ஒரே பிடியில் தடுக்கும் வழி ஒன்று எனக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் கிடைத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. விடுதியின் மொட்டைமாடியில் இரவு தனியாக நடந்தபடி கணக்குகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒரு நாள், (க²ச ÷ த⁵) என்பதன் கனமூலத்துக்கு மடக்கை எடுக்க வேண்டிய கணக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: "க-வை வர்க்கமாக்கி, அதைச் ச-வால் பெருக்கி, வந்ததைத் த-வின் ஐந்தாம் அடுக்கால் வகுத்து, கிடைத்ததற்குக் கனமூலம் எடுக்கிறோம்." சொல்லி முடித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி வினைதான் கடைசியாகச் செய்யும் செயல், அதாவது கோவை முழுவதையும் வெளியிலிருந்து மூடி நிற்கும் செயல். மடக்கையை விரிக்கும்போது முதலில் கழற்ற வேண்டியதும் அதைத்தான். கனமூலம் எடுக்கிறோம் என்றால், முதலில் ⅓ வெளியே வந்து, மீதி முழுவதற்கும் அடைப்புக்குறி போட வேண்டும். அதற்கு முந்தைய வினை வகுத்து. ஆகவே அடுத்து கழித்தல் குறி. அதற்கு முன் பெருக்கி. ஆகவே கூட்டல் குறி. எல்லாவற்றுக்கும் முன்னால் வர்க்கமாக்கி. ஆகவே கடைசியாக 2 முன்னால் வரும்; த-வின் ஐந்தாம் அடுக்கிலிருந்து 5-உம் அப்படியே முன்னால் வரும். வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னால் படித்தால் விடை வரிசையாக வந்துவிடுகிறது: ⅓(2 லாக் க + லாக் ச − 5 லாக் த).

ஆங்கிலத்தில் இதையே சொல்லும்போது கனமூலம் என்ற சொல் முதலில் வந்துவிடும், உள்ளே என்னென்ன எந்த வரிசையில் நடக்கின்றன என்பது அந்த வாக்கியத்திலிருந்து எனக்குப் பிடிபட்டதே இல்லை. தமிழ்வழியில் படித்ததுதான் என் குறை என்று ஓராண்டு காலம் புழுங்கிய எனக்கு, அந்தத் தமிழ் வாக்கியமே வழிகாட்டிய இரவு அது. கண் கலங்கிவிட்டது. அதன்பின் எந்தக் கோவையைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: கடைசி வினை எது? 5க³ என்றால் "க-வைக் கனமாக்கி ஐந்தால் பெருக்குகிறோம்". கடைசி வினை பெருக்கல், ஆகவே லாக் 5 + 3 லாக் க. (5க)³ என்றால் "க-வை ஐந்தால் பெருக்கி, வந்ததைக் கனமாக்குகிறோம்". கடைசி வினை கனமாக்கல், ஆகவே முதலில் 3 வெளியே வந்து 3(லாக் 5 + லாக் க). க-வுக்கு 2 இட்டால் முதலாவது 40, இரண்டாவது 1000, மடக்கைகள் 1.6021-உம் 3-உம். ஓர் அடைப்புக்குறியால் வரும் வேறுபாடு இவ்வளவு. இதே கேள்வியை க² + ச² என்பதிடம் கேட்டால், "இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம்" என்று வாக்கியம் முடிகிறது. கடைசி வினை கூட்டல். கூட்டலுக்கு விதி கிடையாது. அங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, லாக்(க² + ச²) என்று அப்படியே விட்டுவிட வேண்டும். உள்ளே வர்க்கங்கள் கண்ணில் படுகின்றனவே என்று 2-ஐ வெளியே இழுக்கக் கூடாது. விரிக்க முடியாத இடத்தில் நிற்கத் தெரிவதும் விரித்தெழுதுவதில் ஒரு பகுதி என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை, பாடப்புத்தகப் பயிற்சிகளிலும் அப்படிப்பட்ட கணக்குகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைசி வினை கூட்டலாகவோ கழித்தலாகவோ இருந்தால் உடனே கைவிட்டுவிடவும் வேண்டாம். காரணிப்படுத்த முடிந்தால் கடைசி வினையே மாறிவிடும். க² − ச² என்பது கழித்தலில் முடிகிறது. அதையே (க + ச)(க − ச) என்று எழுதினால் பெருக்கலில் முடிகிறது. க > ச > 0 என்றால் லாக்(க + ச) + லாக்(க − ச) என்று விரித்துவிடலாம். 5-ஐயும் 3-ஐயும் இட்டால் 25 − 9 = 16 = 8 × 2; 0.9031 + 0.3010 = 1.2041, அதுதான் லாக் 16. இதைக் கண்ட அன்றே, என்னைத் தோற்கடித்த கணக்கை மறுபடி எடுத்தேன். க³ + ச³ + த³ − 3கசத என்பதைப் பள்ளியில் நூறு முறையாவது காரணிப்படுத்தியிருப்போம்: (க + ச + த)(க² + ச² + த² − கச − சத − தக). ஆகவே அதன் மடக்கை இரண்டு மடக்கைகளின் கூடுதலாகப் பிரிகிறது. நிறுவ வேண்டியது, க, ச, த ஆகிய மூன்றையும் பொறுத்துப் பகுதி வகையிட்டுக் கூட்டும் செயலை இரண்டு முறை செய்தால் −9 ÷ (க + ச + த)² வரும் என்பதை. முதல் மடக்கையை மூன்று முறையும் வகையிட்டுக் கூட்டினால் 3 ÷ (க + ச + த). இரண்டாவதில் மூன்று தொகுதிகளும் (2க − ச − த), (2ச − க − த), (2த − க − ச) என்று வருகின்றன, கூட்டினால் 0. அந்தப் பெரிய காரணி முழுவதும் மறைந்துவிடுகிறது. மிஞ்சிய 3 ÷ (க + ச + த) என்பதன்மீது அதே செயலை இன்னொரு முறை செய்தால் −9 ÷ (க + ச + த)². ஒன்றரைப் பக்கம் எழுதியும் வராத விடை ஐந்தே வரிகளில் வந்து நின்றது. எத்தனை அழகான கணக்கு அது! அதன் முன்னால் இரண்டு முறை தோற்றிருக்கிறேன் என்ற வலியையும் மீறி, அன்று இரவு அதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாக் க² = 2 லாக் க என்பது க மிகை எண்ணாக இருந்தால் மட்டுமே சரி. குறை எண்ணாகவும் இருக்கலாம் என்றால் 2 லாக் |க| என்றுதான் எழுத வேண்டும். லாக்(க − 1)² = லாக் 16 என்ற சமன்பாட்டுக்கு 5, −3 என்று இரண்டு தீர்வுகள் உண்டு. மட்டுக்குறி இல்லாமல் 2-ஐ வெளியே எடுத்தால், −3 என்ற தீர்வு சத்தமில்லாமல் தொலைந்துவிடும். இரண்டாவது, அடிமானம். நுண்கணிதத்தில் அடிமானம் குறிப்பிடாமல் லாக் என்று எழுதினால் பெரும்பாலும் இயல் மடக்கை, அதாவது e (ஏறத்தாழ 2.718) என்ற எண்ணை அடிமானமாகக் கொண்டது. கால்குலேட்டரில் லாக் என்று எழுதிய விசையோ 10-ஐ அடிமானமாகக் கொண்டது. விரித்தெழுதும் விதிகள் எந்த அடிமானத்துக்கும் பொருந்தும், ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காதவரை. வேதியியலில் முதல்வகை வினைகளுக்கான சூத்திரத்தில் 2.303 என்ற எண் வந்து நிற்பது இந்த இரண்டு மடக்கைகளுக்கும் இடையே மாற்றுவதற்காகத்தான்; அரைவாழ்வுக் காலத்தில் வரும் 0.693 என்பது 2.303 × 0.3010. இது தெரிந்த பிறகு வேதியியல் சூத்திரங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் தேர்வுக்கு முன் 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நாளுக்கு ஆறு கோவைகள் வீதம் இருபது நாள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் தமிழ் வாக்கியம், கடைசி வினைக்கு அடிக்கோடு, பிறகு விரிவு, அதன்பின் இரண்டு தொகுதி எண்களை இட்டுச் சோதனை. விரித்ததை மறுநாள் மீண்டும் ஒரே மடக்கையாகச் சுருக்கிப் பார்ப்பேன். முந்தைய நாள் எழுதிய கோவை திரும்ப வராவிட்டால் எங்கோ தவறு என்று பொருள். வேண்டுமென்றே விரிக்க முடியாத கோவைகளையும் இடையிடையே கலந்து வைத்தேன். அந்த நோட்டுக்கு ஆன செலவு 15 ரூபாய். 2019 பிப்ரவரியில் முடிவு வந்தபோது தேறியிருந்தேன். அம்மாவின் தோட்டை மீட்டது அதற்கும் ஓராண்டு கழித்து, என் பகுதிநேர வேலைப் பணத்தில். நான்காம் ஆண்டு வளாகத் தேர்வுக்கு வந்த ஒரு நிறுவனம், எந்தப் பருவத்திலும் அரியர் வைத்திராதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டதால், அந்த அறைக்குள் போகவே என்னால் முடியவில்லை.

போன ஆண்டு என் சித்தி மகள் பதினொன்றாம் வகுப்பில் மடக்கைப் பாடத்துக்கு வந்தபோது, விதிகளைச் சொல்லித் தருவதற்கு முன் அவளிடம் ஒரு தாளில் லாக்(7க² + 3) என்று எழுதிக் கொடுத்து, உள்ளே இருப்பதை வாயால் சொல்லச் சொன்னேன். "க-வை வர்க்கமாக்கி, ஏழால் பெருக்கி, மூணு கூட்டணும்" என்றாள். கடைசியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "கூட்டணும்" என்றவள், சற்று நேரம் தாளையே பார்த்துவிட்டு, "அப்ப இதைப் பிரிக்க முடியாதுல்ல, அண்ணா?" என்று கேட்டாள்.